இடது பாதியின் துரு

கண்ணாடிக்காரர் காரின் இடது கதவிலிருந்து உப்புத்தாளால் தேய்த்தெடுத்த துரு, மறுநாள் காலை பத்தேகால் மணிக்கு அதே காரின் வலது கதவுக்குப் போய்ச் சேர்ந்தது. முந்தின மாலை அதை அவர் காலியான ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் கொட்டி மூடிவைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து முப்பது வருடம் வில்லை தேய்த்த மனிதர், எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டார். பெட்டியில் இருந்தது நாற்பத்திரண்டு கிராம். காலையில் பெட்டி துடைத்துவைத்தது போல் கிடந்தது. வலது கதவின் கைப்பிடிக்குக் கீழே, நேற்றுவரை இல்லாத ஒரு செம்பழுப்புத் திட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. வலது கதவு அவருடையதல்ல, அண்ணனுடையது. ஆகவே அவர் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி அடுத்த உப்புத்தாளைத் தண்ணீரில் நனைக்கப் போனார்.

ஒரு காருக்கு இரண்டு சொந்தக்காரர்கள் ஆனது இப்படி. அப்பா அதைத் தொழிற்சாலை வாசலிலேயே போய் வாங்கி ஓட்டிவந்தார். இளம்பச்சை நிறத்தில் சின்னக் கார். நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது, சின்ன மகனான கண்ணாடிக்காரர் காரின் கார்புரேட்டரைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பி, தொழிற்சாலையில் மாட்டிய மாதிரியே திருப்பி மாட்ட வேண்டுமென்று துண்டு துண்டாகத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்சி வர நாற்பது நிமிடம் ஆனது. அப்பாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. பஸ் டிரைவரான அண்ணன் காக்கிச் சட்டையோடு வந்து நின்று, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "கார் வாசல்லதான் நின்னுச்சு. அப்பாவைக் கொன்னுட்டு எண்ணெய்க் கையோட நிக்கிறான் பாரு" என்றார். அதன்பிறகு பத்தொன்பது வருடம் தம்பியிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியும் பேசவில்லை.

வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். கார் நின்ற கொட்டகை இரண்டு பாதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எனக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உனக்கு வேண்டாம் என்றுதான் இருவரும் சொன்னார்கள். கோர்ட்டிலிருந்து வந்த அளவைக்காரர் முன் விளக்குகளின் நடுவிலிருந்து டிக்கியின் பூட்டுவரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். ஸ்டியரிங் இருந்த வலது பக்கம் பெரியவருக்கு, இடது பக்கம் சின்னவருக்கு. கியர் கம்பி சரியாகக் கோட்டின்மேல் வந்ததால் அது யாருக்கும் இல்லை. இன்ஜின் பொது, ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் கிளப்பக் கூடாது. எனவே பத்தொன்பது வருடமாக அதை யாரும் கிளப்பவில்லை. கொட்டகைக் கூரையிலிருந்து காரின் கூரைவரை ஒரு தார்ப்பாய் தொங்கியது. காருக்குள்ளும் இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் ஒன்று.

கடையை மூடிய வருடம் கண்ணாடிக்காரர் பழைய கார்களுக்கான சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்று அவர்கள் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள். தன் கை எதையும் கெடுக்கும் கை அல்ல என்று யாராவது முத்திரை குத்திக் கொடுத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. பாதிக் காருக்குப் பாதிச் சான்றிதழ் தர விதியில் தடையேதும் இல்லை என்று பதில் வந்தது.

மூன்று வருடம் வேலை நடந்தது. கதவு ரப்பர், சீட்டுத் துணி, வைப்பர் கம்பி என்று ஒவ்வொன்றையும் எங்கெங்கோ எழுதிக்கேட்டு வரவழைத்தார். திருகாணிகளின் வெட்டுக்கோடுகள் எல்லாம் நேர்க்குத்தாக நிற்கும்படி முடுக்கினார், தொழிற்சாலைப் படத்தில் அப்படித்தான் இருந்தது. சீட்டுக்கு அடியில் தொழிற்சாலைக்காரன் சோம்பல்பட்டு பெயின்ட் அடிக்காமல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அதே அளவுக்கு அவரும் அடிக்காமல் விட்டார். ஒவ்வொரு நாளும் தேய்த்த துரு மறுநாள் பத்தேகாலுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இடமிருந்து பார்த்தவர்களுக்கு நேற்று வாங்கிய கார் தெரிந்தது, வலமிருந்து பார்த்தவர்களுக்கு ஆற்றுக்குள்ளிருந்து இழுத்துப்போட்ட கார். தெருவில் இதைப் பற்றி முதல் மாதம் பேசினார்கள், அப்புறம் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் வலது பக்க மட்கார்டு தானாகக் கழன்று விழுந்து பொடியானது. அண்ணி முறத்தில் அள்ளிக்கொண்டு போனார். தகரம் தட்டும் வேலைக்கு வந்த டிங்கர் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, "சார், அந்தப் பக்கம் துருப்பிடிக்கக்கூட இனிமே தகரம் இல்ல" என்றான். கண்ணாடிக்காரர் தரைத்தகட்டைத் தேய்க்கச் சொன்னார். அன்று வந்தது முந்நூறு கிராம்.

மூன்றாம் நாள் அண்ணி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். கையில் ஒரு தலையணை உறை.

"தம்பி, இது என்ன கறைன்னு பாருங்க. உங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

அவர் லென்சை எடுத்துப் பார்த்தார். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"ரத்தமா?"

"இல்ல அண்ணி."

"டாக்டரும் இல்லேன்னுதான் சொன்னாரு. உங்க அண்ணன் உடம்புல இரும்பு கூடிப்போச்சாம். விரல் மடங்க மாட்டேங்குது. படியேறினா முழங்கால் கிறீச்சுங்கறது தெருமுனைவரைக்கும் கேக்குது." அண்ணி உறையை நாலாக மடித்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றார்.

"மழைக்காலம் அண்ணி" என்றார் கண்ணாடிக்காரர். அண்ணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது இடது பாதியில் மிச்சமிருந்தது சீட்டின் கீலுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும்தான். வியாழக்கிழமை சோதிக்க வருவதாகச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மூன்று நாள் அவர் அந்தத் திட்டைத் தொடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் முழங்கால் சத்தம் கேட்டது, எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டார். இத்தனூண்டு திட்டு ஒரு ஆளை என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதன்கிழமை மதியம் அதைத் தேய்த்தெடுத்தார். ஒன்பது கிராம்.

வியாழக்கிழமை பத்தேகால் மணிக்கு, சோதனை அதிகாரி குனிந்து திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் அண்ணி அலறினார். கண்ணாடிக்காரர் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து ஓடினார். எந்த அறை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் நாற்காலியில் இருந்தார். விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி வளைந்து நின்றிருந்தன. வாய் பாதி திறந்தபடி இறுகிவிட்டிருந்தது. கண் மட்டும் நகர்ந்து தம்பியை அடையாளம் கண்டுகொண்டது. கண்ணாடிக்காரர் அவர் தாடையைத் தொட்டார். தோலுக்கு அடியில், காதுக்குப் பக்கத்தில், பழைய கதவுக் கீலைத் தொட்டாற்போல் சொரசொரத்தது.

"நான்தான் பண்ணேன் அண்ணே" என்றார். "தெரிஞ்சேதான் பண்ணேன்."

கண்ணாடிக்காரர் கொட்டகைக்குத் திரும்பி, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, காரின் வலது பக்கத்தில் முழங்காலிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மதியம்வரை நின்றார். பிறகு படிவத்தில் 'உரிமையாளர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார்' என்று குறிப்பெழுதிவிட்டு ஊர் திரும்பினார்.

அந்தப் பக்கம் தேய்த்த துரு மறுநாள் இந்தப் பக்கம் வந்தது. வலது பாதியில் இடம் காலியாகக் காலியாக, அண்ணன் உடம்பில் இருந்தது அங்கே இறங்கியது. இறங்க இறங்க அவர் தேய்த்தார். முதலில் அண்ணனின் முழங்கால் சத்தம் நின்றது. ஆறாம் நாள் விரல்கள் நீண்டன. அதற்குள் இடது கதவு ஓட்டையாகி, பச்சை பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து, மூன்று வருட வேலை பதினோரு நாளில் தரையில் கிடந்தது. கடைசியாக அந்த ஒன்பது கிராம் மிஞ்சியது. அது வந்து உட்கார இடது பாதியில் தகரம் இல்லை. கண்ணாடிக்காரருக்கு அது எங்கே போகும் என்று தெரியும். தேய்த்து முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தார்.

பத்தேகாலுக்கு அவர் தாடை பூட்டிக்கொண்டது. அண்ணனின் வாய் திறந்தது. அண்ணன் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார்.

"அப்பாவுக்கு ரொம்ப நாள் இல்லைன்னு போன மாசமே டாக்டர் எங்கிட்ட சொல்லியிருந்தாருடா" என்றார். போன மாதம் என்று அவர் சொன்னது பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய மாதம். "எந்த வண்டில போயிருந்தாலும் ஒண்ணுதான். உங்கிட்ட நான் சொல்லல. யார் மேலயாவது போட்டாத்தான் அன்னிக்கு என்னால நிக்க முடிஞ்சுது."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கண்ணில் வழிந்த நீர் தாடையில் இறங்கிச் சிவப்பாகச் சட்டையில் சொட்டியது.

நாலாம் நாள் அண்ணன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு காரின் இடது பக்கம் போனார். அண்ணி பின்னாலேயே ஓடினார்.

"இப்பதான வாயே திறந்தீங்க. விடுங்களேன், அவரே இழுத்துவிட்டுக்கிட்டது."

"அவன் என்ன சொல்றான்னு கேக்கணும்ல" என்றார் அண்ணன்.

தேய்த்தார். மறுநாள் அண்ணனின் தாடை பூட்டியது, தம்பியின் தாடை விட்டது. நாலு நாளாக யோசித்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் கண்ணாடிக்காரருக்கு மறந்துபோயின. "பத்தொன்பது வருஷம் அண்ணே" என்று மட்டும் சொன்னார். அதற்கு அண்ணன் நாலு நாள் கழித்து, வாய் திறந்ததும், "ஆமா" என்றார்.

அப்படித்தான் அது நடைமுறையாகிவிட்டது. ஒருவர் பேசும் நாட்களில் மற்றவர் குறுக்கே பேச வழியில்லாமல் முழுதும் கேட்கிறார். பிறகு பேசினவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்த் தேய்க்கிறார். ஒரு சண்டை முடிய ஆறு மாதம் ஆகிறது. தார்ப்பாயை அவிழ்த்து அண்ணி விறகு மூடப் போட்டுவிட்டார். கார் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் நிற்கிறது. சங்கத்துக்கு யாரும் மறுபடி எழுதவில்லை. அண்ணி தினமும் காலையில் மேசையில் ஒரு தட்டும் ஒரு டம்ளர் கஞ்சியும் வைக்கிறார். மென்று தின்ன முடிந்தவர் தட்டின் முன்னால் உட்காருகிறார், முடியாதவர் டம்ளரின் முன்னால்.