காற்றாட வைத்த தண்ணீர்

வெங்காயத்தை வெட்டி வினிகரில் போட்டு, அந்தச் சட்டியைச் சவப்பெட்டிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள் ரெமெடியோஸ் அத்தை. செத்தவரின் நோய் வீட்டில் தங்காமலிருக்க அதுதான் வழி. நிமிர்ந்தவள் ஒதிலியாவைப் பார்த்தாள்.

"இந்தப் புழுக்கத்துல எதுக்குடி தலையச் சால்வையால மூடிக்கிட்டு நிக்கிற? அப்பனுக்குப் பக்கத்துல நீயும் விழப்போற."

"இருக்கட்டும் அத்தை."

சால்வைக்குள் கூந்தல் இன்னும் காயவில்லை. ஷாம்பு வாசனை துணியைத் தாண்டி வந்தது.

இருபது நாளாக அப்பாவுக்குத் துடைத்துவிடவும் ஊட்டிவிடவுமே பொழுது சரியாக இருந்தது; அவள் தலைக்குக் குளித்தே நாளாகிவிட்டது. அவர்கள் ஊரான சோச்சிமில்கோவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கால்தான். ஆனால் அவர்கள் தெருக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். மாலையில் பூவெப்லாவிலிருந்து அண்ணனும் அண்ணியும் வருவதாக இருந்தது. அண்ணியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. காலையில் வீட்டில் மிச்சமிருந்த தண்ணீர், கனீக்காவுக்காக முற்றத்தில் திறந்து வைத்திருந்த ஒரு வாளிதான்.

கனீக்கா அப்பா வளர்த்த அஹோலோத்தே, அந்த வாய்க்கால்களில் வாழும் நீர்ப்பிராணி. ஒரு சாண் நீளம், நான்கு குட்டிக் கால், மீன் வால், தலையின் இருபுறமும் இறகாய் விரிந்த செவுள். ஒன்பது வருஷமாக அவர் கட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டியில் இருந்தது. படகு தள்ளிப் பிழைத்த அந்த மனிதர் எதிலும் கறார் பார்க்காதவர், அதன் தண்ணீரைத் தவிர. குழாய்த் தண்ணீர் ஒரு பகல் ஓர் இரவு காற்றாட இருந்து, குளோரின் போனபிறகுதான் தொட்டிக்குப் போகும். வெயில் ஏறினால் ஐஸ் கட்டிய பாட்டில் ஒன்று மிதக்கும். படுத்த படுக்கையானபின்னும் அதன் தீனிக்கு மண்புழு கழுவியாயிற்றா என்று கேட்காமல் தூங்கியதில்லை.

"தண்ணி காத்தாட வச்சியாம்மா?" என்று காலையிலும் கட்டிலிலிருந்து கேட்டார்.

"வச்சாச்சுப்பா" என்றாள், அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே.

பதினோரு மணிக்குக் குழாய் சீறியது. மூன்று நாள் அடைத்து வைத்து விடும் தண்ணீர். குளோரின் மூக்கைத் துளைத்தது. தொட்டியில் பாதியை ஏற்கெனவே இறைத்தாகிவிட்டது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு தடவைதானே என்று அப்படியே கொண்டுபோய் ஊற்றிவிட்டு, முடி காயவைக்க முற்றத்துக்குப் போனாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டு ஓடியது. அவளும் கூடவே பாடினாள்.

திரும்பி வந்தபோது கனீக்கா மேலே மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. செவுள் முன்பக்கமாகச் சுருண்டிருந்தது. அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே தொட்டியை நோக்கி நீண்டிருந்தது. கண் திறந்தே இருந்தது. கூப்பிட்டிருப்பார். அந்தக் குரல் முற்றம்வரை வந்திருக்காது. ஒதிலியாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம். யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"கனீக்காவப் பாத்துக்கிட்டே போயிருக்கான். குடுத்து வச்சவன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் அத்தை.

இருட்டும் முன் திபுர்சியோ வந்தார். முப்பது வருஷம் அப்பாவோடு படகு தள்ளியவர். கனீக்காவைக் குஞ்சாகக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். பெட்டியருகே சிலுவை போட்டுக்கொண்டு, பழக்கத்தில் தொட்டிப் பக்கம் போனார். குனிந்தார். விரலை நனைத்து மோந்து பார்த்தார்.

"இதுல யாரு பச்சையா குழாத்தண்ணிய ஊத்தினது?"

ஜெபமாலை பாதியில் நின்றது.

"அவனேதான் ஊத்தியிருப்பான்" என்றாள் அத்தை. "கடைசில புத்தி தடுமாறிப் போச்சு. செவுத்தப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சிருப்பான். இல்லடி ஒதிலியா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வந்திருந்த அண்ணியும் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒதிலியா தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஜெபம் மறுபடி தொடங்கியது.

"ஒம்பது வருசத்துல ஒரு நாள் அப்பிடிச் செய்யாதவன்" என்றார் திபுர்சியோ, பெட்டியைப் பார்த்து. பிறகு, ஒதிலியா தலை குனிந்ததில் சால்வை நழுவி, தோளில் ஒட்டிக் கிடந்த அவளுடைய ஈர முடியைப் பார்த்தார். கனீக்காவை ஈரத்துணியில் வாரி எடுத்துக்கொண்டார்.

வாசல்வரை பின்னாலேயே போனாள். "மாமா, பொழைக்குமா?"

"எங்க வீட்டுல நல்ல தண்ணி இருக்கு, விட்டுப் பாக்குறேன். செவுள் விரிஞ்சா பொழைக்கும்." படியிறங்கியவர் நின்றார். "ஒம்பதாம் நாள் ஜெபம் முடிஞ்சதும் வா. நீயே வா, யாரையும் அனுப்பாத."

முற்றத்துக்கு வந்து வாளியைத் தேய்த்துக் கழுவினாள். குழாயில் பிடித்து, சுவரோரம் திறந்து வைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட அத்தை பானையோடு வந்தாள்.

"அதுல எடுக்காதீங்க அத்தை. அது காத்தாடணும்."

"யாருக்குடி? தொட்டிதான் காலியாச்சே!"

ஒதிலியா வாளியைச் சுவரோடு இன்னும் ஒட்டி நகர்த்தினாள். அத்தை குழாயடிக்குப் போய்ப் பானையை நிரப்பிக்கொண்டு, "அப்பன அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்று உள்ளே பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்.

வாளித் தண்ணீரில் நீளமாக ஒரு முடி மிதந்தது. ஒதிலியா விரல் நுனியால் அதை எடுக்கப் பார்த்தாள். அது நழுவி நழுவிப் போனது.