சீதனக் கட்டிலின் உயரம்

மூக்கம்மாளையும் அவ கட்டிலையும் ஏத்திக்கிட்டு டெம்போ மேலகரத்துச் சந்துக்குள்ள வந்து நின்னதுமே செண்பகக்கனி இடுப்புல கைய வச்சுக்கிட்டு வாசல்ல வந்து மறிச்சா. "டிரைவர் தம்பி, போயிராத. கட்டில் உள்ள பத்தலைன்னா அப்படியே வாசுதேவநல்லூர்ல கொண்டு இறக்கிரணும்" அப்படின்னா. வந்தவளுக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது.

மூக்கம்மாள் முன்சீட்டுல இருந்து இறங்கினா. வயசு அறுபது தாண்டியாச்சு, முட்டி ரெண்டும் போச்சு. பிச்சைமணிக்கு மொதப் பொண்டாட்டி அவ. பிள்ளை இல்லன்னு அவன் ரெண்டாவதா கட்டினவதான் இந்தச் செண்பகக்கனி. மனுசன் செத்து வருசம் திரும்பல, பாவூர்சத்திரத்துல மூக்கம்மாள் இருந்த வாடகை வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. "பெரியம்மா எங்ககூட இருக்கட்டும்"னு செண்பகக்கனி மவன் இசக்கிதுரைதான் ஒத்தக் காலுல நின்னு கூட்டியாந்தான்.

வீடு என்ன அரமனையா? ரெண்டே ரூம். ஒண்ணு இசக்கிதுரைக்கும் அவன் பொண்டாட்டிக்கும். இன்னொன்னு செண்பகக்கனிக்கு. அந்தத் தீப்பெட்டிக்குள்ளதான் ரெண்டு கட்டிலும் அடங்கணும். அடங்கலைன்னா மூக்கம்மாளுக்கு மிச்சம் இருக்கது வாசுதேவநல்லூர்ல தம்பி வீடு. அங்க தம்பி பொண்டாட்டி சோறு போடுத அழகு இருக்கே, நாய்க்குக்கூட யாரும் தட்ட அப்படித் தள்ளிவிட மாட்டாக. போன தீவாளிக்குப் போயிட்டு வந்தவ, செத்தாலும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தா.

"ஹால்ல பாய விரிச்சுக் கிடக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?"ன்னா செண்பகக்கனி.

"குத்தாலத்துச் சாரல் அடிச்சு தரையே ஊறிக் கிடக்கு. தரையில படுத்தா பெரியம்மாவ யாரு எழுப்பி விட? நான் டேப் வச்சு அளந்துட்டேன், பத்தும்மா" அப்படின்னான் இசக்கிதுரை. மரமில்லுல வேலை பாக்குத பய, அளவுல பெரிய சூரன்னு அவனுக்கே நெனப்பு.

பீரோவ ஹாலுக்கு நகத்தி, அவனும் டிரைவருமா கட்டில உள்ள கொண்டு போனாக. மொதல்ல ஒண்ணுக்குத் தலமாடு கிழக்க, இன்னொன்னுக்கு மேற்க வச்சுப் பாத்தான். "அப்ப இவ காலு என் மூஞ்சிக்கு நேராவா?"ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டாக. சரின்னு ரெண்டு தலமாட்டையும் கிழக்க திருப்பினான். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ரெண்டு கட்டிலும் ஒட்டிக்கிட்டு நின்னுது. நடுவுல ஒரு விரல் போகாது. கால்மாட்டு வழியாத்தான் ஏறணும். "பாத்தியா, பத்திட்டு!"ன்னு வேர்வையத் தொடச்சான்.

நீளத்தையும் அகலத்தையும் அளந்த பய உயரத்த அளக்கல. மூக்கம்மாள் கட்டில் அவ அப்பா சீதனமாக் கொடுத்தது. தேக்கு. பொம்பளப் பிள்ளை கௌரவமா உக்காரணும்னு கடஞ்ச காலு வச்சு நல்லா உசத்திச் செஞ்சிருந்தாரு. செண்பகக்கனியோடது தென்காசியில கடையில வாங்கின குட்டைக் கட்டில். பக்கத்துல பக்கத்துல போட்டதும், தேக்குக் கட்டில் குட்டைய விட அர முழம் மேல நின்னுது.

அவ்வளவுதான், செண்பகக்கனிக்குச் சாமி வந்துட்டு.

"ஏலே இசக்கி! நான் இவ வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கு, இவ இதே கட்டில்ல ஏறி உக்காந்துக்கிட்டு, 'அங்கன படுடீ'ன்னு காலால தரையக் காட்டினாளே, காலால! நீ வயித்துல இருக்கும்போதும் எனக்குத் தரைதான். இன்னைக்கு என் ரூம்லயும் இவ மேல, நான் கீழயா?"

"ஆமா, காட்டினேன்" அப்படின்னா மூக்கம்மாள். "எம் புருசனப் பங்கு போட வந்தவளுக்கு மெத்தை விரிப்பாகளாடீ?"

"கேட்டியாலே வாய? ஏத்து வண்டியில!"

இசக்கிதுரை தலையில கைய வச்சான். "அப்ப மாத்திப் படுங்களேன்? எம்மா, நீ தேக்குல ஏறிக்கோ."

"இவ முதுகு பட்ட பலகையில எம் முதுகு படாது"ன்னா செண்பகக்கனி. "எங்க அப்பா போட்ட கட்டில்ல இவ ஏறுறதுக்கு முன்னால நான் தீய வச்சிருவேன்"னா மூக்கம்மாள். இது ஒண்ணுலதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு.

வெளிய டிரைவர் ஹார்ன் அடிச்சான். அவனுக்கு லோடு கிடக்கு, பாவம். மூக்கம்மாளுக்குத் தம்பி பொண்டாட்டி நகட்டுத அந்தத் தட்டு கண்ணு முன்னால வந்து நின்னுது. இந்தச் சிறுக்கி முன்னால கண்ணு கலங்கிரக் கூடாதேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டா.

"இசக்கி, வீட்டுல ரம்பம் வச்சிருக்கியா?"

"எதுக்கு பெரியம்மா?"

"காலை அறு."

"தாத்தா போட்ட கட்டில், பெரியம்மா..."

"எங்க அப்பா என்ன எந்திரிச்சு வந்து கேக்கப் போறாரா? அறுலே."

வாசல்ல கட்டிலக் கவுத்துப் போட்டு அறுத்தான். நல்ல தேக்கு, லேசுல விட்டுக் கொடுக்கல. நாலு காலையும் குட்டைக் கட்டிலுக்குச் சமமா அறுத்து முடிச்சு நிமிந்தான். செண்பகக்கனி குனிஞ்சு பாத்தா.

"இன்னும்" அப்படின்னா.

"எம்மா, சமமாயிட்டுல்லா!"

"எனக்குச் சமமா இவ? இன்னும் ஒரு சாண் அறு."

இசக்கிதுரை பெரியம்மா மூஞ்சியப் பாத்தான். அவ மூஞ்சி கல்லாட்டம் இருந்துது. நாக்கப் பிடுங்குத மாதிரி எதையாவது கேக்கப் போறாள்னு நெனச்சான். அவ கேக்கல. "அறு"ன்னா, அவ்வளவுதான்.

கட்டில் உள்ள போச்சு, டெம்போவ அனுப்பியாச்சு. செண்பகக்கனி மொதல்ல ஏறித் தன் கட்டில்ல படுத்து, கைய மடக்கித் தலைக்குக் கொடுத்துக்கிட்டுக் கீழ பாத்தா. இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருசமும் உயிரோட இருந்தவ மாதிரி ஒரு சிரிப்பு.

"எப்படிக்கா இருக்கு, அங்கன கிடந்து பாத்தா?"

மூக்கம்மாள் முட்டியப் பிடிச்சுக்கிட்டே மெல்ல உக்காந்து, சாஞ்சு, ரெண்டு காலையும் நல்லா நீட்டினா.

"நல்லாத்தான்டீ இருக்கு. இனிமே வண்டி பிடிச்சு என்னைய எங்கயும் அனுப்ப முடியாது. இங்கன இருந்து எடுக்கணும்னா நாலு பேரு வந்துதான் தூக்கணும். கொள்ளிய உம் மவன்தான் வைப்பான்."

செண்பகக்கனி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.