மைக்கில் கேட்ட கேள்விகள்

"எம் மகள மைக்குக்கு முன்னாடி நிப்பாட்டுனது யாரு?"

தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்ததும் உதயசூரியன் கேட்டது இதுதான். குடுமியான்மலைக்கும் புதுக்கோட்டைக்கும் மினிபஸ் ஓட்டுகிறவர். இன்ஜின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல். வாசலுக்கு வெளியே, சீருடையில், பத்தாவது படிக்கும் ஹரிணி நின்றாள். சில நாட்களாகப் பள்ளிக்கு வராதவளை அவர்தான் இன்று கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

நாலு பேர் முன்னால் பேச, சாப்பிட, எழுந்து நிற்க நடுங்குகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து மனநல ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லிக் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்குக் கேள்வித்தாள் வந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக உட்கார்ந்து பதில் எழுத வேண்டிய தாள். இத்தனை பேருக்கு ஜெராக்ஸ் எடுப்பானேன் என்று தலைமையாசிரியர் ரெங்கசாமி அதைக் காலை பிரேயரில் மைக்கில் வாசித்துவிட்டார். "நாலு பேரு முன்னாடி பேசப் பயப்படுறவங்கள்லாம் கையத் தூக்குங்க." பயப்படுகிற பிள்ளை எப்படித் தூக்கும்? வேடிக்கைக்கு ஒரு பையன் தூக்கினான், மைதானமே சிரித்தது. "சார், இந்தா ஹரிணி இருக்கா. வாயவே தொறக்க மாட்டா" என்று யாரோ கத்த, அவளை மேடைக்கு அழைத்தார். "பயமெல்லாம் இப்பப் போயிரும். பேரச் சொல்லு." முடியவில்லை. அவள் மூச்சிரைப்பு மட்டும் மைக்கில் பள்ளி முழுக்கக் கேட்டது.

ஹரிணி இதை வீட்டில் சொல்லவில்லை. நேற்று பஸ்ஸின் பின் சீட்டில் பையன்கள் அந்த மூச்சை நடித்துக் காட்டிச் சிரித்ததைக் கேட்டுத்தான் உதயசூரியனுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அவள் அமைதியை நல்ல குணம் என்றே நினைத்திருந்தார். கோயிலிலும் உதடு அசையாமல்தான் கும்பிடுவாள். சாமிக்கு அது கேட்டிருக்கும். மனிதர்களுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

"உக்காருங்க. நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன். கூச்சம் தெளியணும்ல?"

"கூச்சமா? அவளுக்குச் சோறு எறங்கலங்க. வெள்ளிக்கெழம ஆலோசகரு வாராராம்ல, அவர்ட்ட இவளக் காட்டணும். பேர எழுதுங்க."

"நம்ம ஸ்கூல்ல ஒருத்தருக்கும் இல்லைன்னு அனுப்பியாச்சே. இப்ப மாத்துனா என்னையத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டுமே! மூச்சு முட்டி நின்ன புள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தருக்கும் இல்லையா? ஒங்க கண்ணு என்ன பொடதிலயா இருக்கு?"

ஜன்னல் கம்பிகளில் முகங்கள் முளைத்தன. "டேய், ஹரிணி அப்பாடா." "இவருக்கு மைக்கே வேணாம்டா."

உதயசூரியன் திரும்பினார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோடு சுவராக ஒடுங்கியிருந்தாள் ஹரிணி. தோள் குலுங்கியது. அன்றும் இப்படித்தான் நின்றிருப்பாள். இன்று நிறுத்தியது அவர்.

கோபம் எங்கும் போய்விடவில்லை.

அறிவியல் டீச்சர் ஷீபா வந்தார். யாரையும் அதட்டவில்லை. ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். ஹரிணியின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துவந்தார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. அந்தத் தாள்ல உள்ளத நானே இவகிட்ட கேட்டு, ஆலோசகருக்கு நானே போன் பண்றேன். என்னைக் கேக்கட்டும்."

ரெங்கசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதயசூரியனின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். டீச்சர் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, நீங்க அங்கிட்டுச் சுவத்தப் பாத்து நில்லுங்க. ஹரிணி, வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்மா. என் கையப் பிடிச்சுக்க. ஆமான்னா ஒரு அமுக்கு. போதும்."

உதயசூரியன் சுவரைப் பார்த்து நின்றார்.

"யாராச்சும் பாத்தா ஒனக்குச் சாப்பிட முடியலையா?"

டீச்சரின் வளையல் சன்னமாக ஒலித்தது.

"கிளாஸ்ல எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாங்களோன்னு தூக்கம் வராம கெடந்திருக்கியா?"

வளையல்.

ஒவ்வொரு ஒலிக்கும் அவருடைய வலது கை விரல்கள் சுவரில் இறுகின. வெளியே போய் அந்த மனுஷனின் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. டீச்சரின் குரல் இன்னும் தணிந்தது.

"அப்பா சத்தம் போட்டா பயமா இருக்கா?"

அது தாளில் இருந்த கேள்விதானா என்று அவருக்குத் தெரியாது. வெள்ளையடித்த சுவர் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. வளையல் ஒலிக்கவில்லை. பின்னால் நாற்காலி நகர்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த அவருடைய இடது கைக்குள் குளிர்ந்த விரல்கள் வந்து நுழைந்து, ஒரு முறை அமுக்கின.