முத்துச்செல்வி கல்யாணத்துல சிவப்பு பட்டன்

கண்ணை வெச்சுப் பாக்க இடமே இல்லன்னா அது இன்னாங்க கேமரா? குன்றத்தூர் கடைக்காரர்கிட்ட இதைத்தான் கேட்டேன்.

"இப்பல்லாம் வீடியோ எடுக்கறவங்களுக்குன்னுதாம்மா டிசைனே பண்றாங்க. போட்டோவுக்கு அந்தச் சின்ன பட்டனை அமுக்கு"ன்னாரு.

விரல் போய் உக்கார்ற இடத்துல பெருசா, சிவப்பா வீடியோ பட்டன். அப்போ போட்டோ எடுக்கறவ இன்னா தொக்கா? என் பழைய கேமரா ரிப்பேர்ல கெடந்துச்சு. வயித்தெரிச்சலோட அதையே வாடகைக்கு எடுத்தேன்.

மறுநாள் முத்துச்செல்வி கல்யாணம். ஒரகடம் கம்பெனில நானும் அவளும் ஒரே லைன்ல வேலை; லீவு நாள்ல நான் கல்யாண போட்டோ எடுப்பேன். மாப்ள வூட்டுக்காரங்க சொன்ன ஸ்டுடியோவை வேணாம்னுட்டு, "கங்காதான் எடுக்கணும்"னு அடம் புடிச்சவ. நலங்கு வெக்கறப்போ என் கையைப் புடிச்சுக்கினா.

"அப்பா இல்லாததால அம்மா முகூர்த்தத்தப்போ மேடைக்கு வரக்கூடாதாம்டி. தாலி கட்டற போட்டோவுல எங்கம்மா இருக்கணும். எப்டியாவது எடு."

"எடுக்கறேன்டி"ன்னு வாய் விட்டுட்டேன்.

முகூர்த்த நேரம். மேடைக்குப் பின்னால மணமகள் ரூம் கதவோரமா அவங்கம்மா வந்து நின்னாங்க. மாப்ளயோட அத்தை முறைச்ச முறைப்புல உள்ள போய்ட்டாங்க. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. அதுக்குள்ள கெட்டிமேளம்! ஸ்டாண்டுல இருந்த கேமராவை அமுக்கினேன். யாரோ வீசின அட்சதை என் கண்ணுலயே விழுந்து, கசக்கி முடிக்கறதுக்குள்ள தாலி ஏறிடுச்சு.

கேமரா ஸ்கிரீன்ல பாத்தா தாலி போட்டோ ஒண்ணுகூட இல்ல. அஞ்சு வருஷப் பழக்கத்துல விரல், பழைய கேமராவுல போட்டோ பட்டன் இருக்கற இடத்துக்கே போய், இந்தச் சிவப்பு பட்டனை அமுக்கியிருக்கு. ஐயோ, உயிரே போச்சு. அந்த வீடியோவை ஓட்டினேன்.

மாப்ள முதல் முடிச்சு போடறாரு. பின்னால கதவு தொறக்குது. அம்மா வந்து, ரெண்டு கையாலயும் பொண்ணு மேல அட்சதையைப் போட்டுட்டு, சட்டுனு உள்ள போறாங்க. ரெண்டே செகண்டு! நானா போட்டோ எடுத்திருந்தா மாப்ள கையை மட்டும்தான் பாத்திருப்பேன். வீடியோவை அங்கயே நிறுத்தி, அதை போட்டோவா எடுத்தேன். தாலி, அவ குனிஞ்ச தலை, அம்மா முகம், எல்லாம் பளிச்சுன்னு ஒரே போட்டோவா வந்துச்சு. அடி சக்கை!

மேடைக்கே போய்க் காமிச்சேன்.

"இந்தம்மா எப்டி இதுல வந்தாங்க?"ன்னு அத்தை எகிறினாங்க.

"என் கல்யாணம், எங்கம்மா வந்தாங்க"ன்னு சொல்லிட்டு, முத்துச்செல்வி மாலையோட எழுந்து போய் அம்மாவைக் கையோட கூட்டினு வந்தா. அத்தை வாயைத் தொறக்கறதுக்குள்ள மாப்ள நகர்ந்து, மாமியாரைப் பாத்து, "இங்க உக்காருங்க அத்தை"ன்னு நடுவுல இடம் விட்டாரு. மவராசன்!

நான் கேமராவைக் கைல புடிச்சுக்கினு, அழுதுக்கினேதான் எடுத்தேன். ஒரு போட்டோகூட ஆடல.