ஊசி போட்டவள்

பறியின் கயிற்றைப் பல்லால் கடித்தபடி, மார்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டுக் கஸ்தூரி சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். பனையோலையில் முடைந்த பறிக்கூடை மோவாய்க்குக் கீழே மிதந்தது. வலையும் கிடையாது, படகும் கிடையாது. இரண்டு கைதான் தொழில். உள்ளங்கை சேற்றின் மேல் சத்தமில்லாமல் ஊர்ந்துபோக வேண்டும். விரலுக்கடியில் இறால் துள்ளியதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். இடப்பக்கம் லட்சுமி, அவளுக்கப்பால் இன்னும் நாலு பெண்கள். எல்லார் வாயிலும் பறி இருந்ததால் பழவேற்காடு ஏரியில் அந்த இடத்தில் பேச்சே இல்லை.

அதனால் கரையில் போன் அடித்தது எல்லாருக்கும் கேட்டது. போன்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் முடிந்து ஒரு முளைக்குச்சியில் தொங்கவிட்டிருந்தார்கள். அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது லட்சுமி பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"யக்கா, உன் போனுதான். ஜமுனாவுக்கு வச்ச பாட்டு."

மகள் ஜமுனா காலையில் கூப்பிடுகிற பெண்ணே இல்லை. கஸ்தூரி முழங்கால் சேற்றில் புதையப் புதைய எழுந்து ஓடினாள்.

ஜமுனாவுக்குப் பத்தொன்பது வயது. டென்னிஸ் ஆடுகிறாள். அவள் அப்பன் சடையன் உயிரோடு இருந்தவரை சென்னையில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுக்கிற வேலையில் இருந்தான். அவனோடு போய் எட்டு வயதில் பந்து பொறுக்கியவள் அவள். அங்கே பயிற்சி தந்த பெனிட்டா மேடம் அந்தக் கைவேகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மட்டையைக் கொடுத்தார். இந்த வருஷம்தான் பரிசுப் பணத்துக்கு ஆடுகிற பெரிய ஆட்டத்துக்குள் ஜமுனா கால் வைத்திருந்தாள். ஏழு ஊர்களுக்குப் போய் ஏழிலும் வாசற்படியிலேயே தோற்றுத் திரும்பினாள். நேற்று பெங்களூரில் முதல்முறையாக ஜெயித்துவிட்டாள். உலகக் கணக்கில் அவள் பெயருக்கு ஒரு புள்ளி விழுமாம். அதைச் சொல்லிச் சொல்லிக் கஸ்தூரி நேற்றுச் சாயங்காலம் தெருவையே இரண்டாக்கியிருந்தாள்.

"ஜமுனா? இன்னாம்மா?"

"அம்மா, அன்னிக்கு கைக்குப் போட்டோமே, அது இன்னா ஊசிம்மா?"

"வலி ஊசிதான். ஏன், கை வீங்கிக்கிச்சா?"

"கை நல்லாத்தான் கீது. நேத்து ஆட்டம் முடிஞ்சதும் என்னைக் கூப்ட்டுப் போயி மூத்திரம் வாங்கினாங்க. மருந்து சாப்ட்டு ஆடுறாங்களான்னு பாக்குற சோதனை. ஏழு நாளுக்குள்ள இன்னா மருந்து எடுத்தேன்னு எழுதச் சொன்னாங்க. வலி ஊசி, பேரு தெரியாதுன்னு எழுதினேன். அதுலருந்து மேடம் மூஞ்சியே சரியில்லம்மா."

போன் கைமாறியது. பெனிட்டா மேடத்தின் குரல் எப்போதும் அதட்டுகிற குரல். இன்று தணிந்திருந்தது, கஸ்தூரிக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

"கஸ்தூரிம்மா, நிதானமா கேளுங்க. அது ஸ்டீராய்டு ஊசியா இருந்தா சோதனைல தெரிஞ்சிடும். ஜெயிக்கிறதுக்காகப் போட்டுக்கிட்டான்னு சொல்லி ரெண்டு வருஷம், நாலு வருஷம்கூட ஆடவிட மாட்டாங்க. பாதிப்புக்குத்தான் போட்டதுன்னு நாம காட்டணும். என்ன மருந்து, எவ்வளவு, என்னிக்கு, எதுக்கு, எல்லாம் ஊசி போட்டவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். போட்டோ எடுத்து இன்னிக்கே அனுப்புங்க. மூணு மணிக்கு அவளுக்கு அடுத்த ஆட்டம். அதுக்கு முன்னாடி வந்தா அவளும் கொஞ்சம் மூச்சு விடுவா."

"நாலு வருசமா?" என்றாள் கஸ்தூரி. பதில் வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஈரச் சேலையோடு அப்படியே நின்றாள்.  தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை, ஊருக்கு வந்த பெண், "நானும் வரேம்மா" என்று ஏரிக்குக் கிளம்பினாள். வேணாம் என்று ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லவில்லை. நாலு கை துழாவினால் பறி சீக்கிரம் நிறையுமே என்ற ஆசை. ஒரு மணி நேரத்தில் ஜமுனாவின் வலது உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. கஸ்தூரியின் கையில் முள் ஏறாத வருஷம் கிடையாது. சுடுதண்ணீரில் கையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுநாள் மறுபடி ஏரியில் இறங்கிவிடுவாள். ஆனால் இது மட்டை பிடிக்கிற கை. லட்சுமியையும் கூட்டிக்கொண்டு, ஊசி போடுகிற துளசிங்கத்திடம் மகளோடு ஓடினாள்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்துகூட ஜமுனா சொன்னாள்: "மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் போட்டுக்கறேம்மா. எது போட்டாலும் கேக்கச் சொல்லிக்கீறாங்க." கஸ்தூரிதான் சீறினாள். "வெஷம் ஏறிக்கினு கீது, போனாம் போனு! சார், நீ போடு சார். உன்னாண்ட கீறதுலயே பெரிய ஊசியா போடு."

துளசிங்கம் பெரிய ஊசியாகத்தான் போட்டான். மாலைக்குள் வீக்கம் வடிந்தது. அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

இப்போதும் லட்சுமி இரண்டு பறிகளையும் மற்ற பெண்களிடம் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தாள். ஷேர் ஆட்டோ பிடித்துத் துளசிங்கத்திடம் போனார்கள்.  

துளசிங்கம் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் பதினோரு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன். இப்போது பழவேற்காட்டு மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. வெளியே பலகையில்லை, உள்ளே பச்சைத் திரை. சுற்றியுள்ள குப்பங்களுக்கெல்லாம் அவன்தான் டாக்டர். காய்ச்சலுக்கும் அவன்தான், இடுப்பு வலிக்கும் அவன்தான். பெஞ்சில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். கஸ்தூரி வரிசையில் நிற்காமல் திரைக்குள்ளேயே போய்விட்டாள்.

"சார், எம் பொண்ணுக்குப் போன வெள்ளிக்கெழம ஊசி போட்டியே, கெளுத்தி முள்ளுக்கு, அது இன்னா மருந்து சார்?"

"டெக்சா. கூட ஒரு வலி ஊசி. எல்லாருக்கும் அதானேம்மா போடுறேன்? ஏன், வலி கேக்கலையா?"

"டெக்சான்னா ஸ்டீராய்டா சார்?"

அந்த வார்த்தை கஸ்தூரியின் வாயிலிருந்து வந்ததும், ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த துளசிங்கத்தின் கை நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

மறைக்கத் தெரியாத பொம்பளை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பெங்களூரு, மூத்திரம், சோதனை, நாலு வருஷம், சீட்டு, கையெழுத்து. சொல்லச் சொல்ல அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், டாக்டருக்குப் படிக்காமல் ஊசி போடுகிறான் என்று அதிகாரிகள் வந்து அவன் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் கழித்து எப்படியோ திறந்தான். அந்த ஒரு மாதத்தை அவனும் மறக்கவில்லை, குப்பத்து ஜனங்களும் மறக்கவில்லை.

"ஊசியா?" என்றான், வெளியே பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். "நான் எங்கம்மா ஊசி போட்டேன்? முள்ளை எடுத்து, கட்டுக் கட்டி அனுப்புனேன்."

"சார்! இப்பதானே சார் சொன்ன, டெக்சான்னு?"

"வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கச் சொல்றியா? கெவுருமெண்டு சோதனைக்கு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஜீப்பு எங்க வந்து நிக்கும்? இங்க வந்து நிக்கும்."

கஸ்தூரி திரையை விலக்கினாள். "லட்சுமி, நீ சொல்லுடி. நீயும் கூட இருந்த இல்ல? ஊசி போட்டதப் பாத்த இல்ல?"

லட்சுமி தரையைப் பார்த்தாள். அவள் புருஷனுக்கு இளைப்பு. மூச்சு முட்டுகிற நேரத்தில் தூக்கிக்கொண்டு வருவது இந்த அறைக்குத்தான். பொன்னேரி வரை அந்த மூச்சு தாங்காது.

"நான் வெளியல்ல யக்கா இருந்தேன்," என்றாள்.

பெஞ்சிலிருந்து ஒரு கிழவர், கோபமில்லாமல்தான் சொன்னார்: "ஒரு பொண்ணு பந்து ஆடுறதுக்காவ இருக்குற ஒரு ஆளையும் தொலைச்சிப்புடாதம்மா. அப்புறம் நாங்க எங்க போவோம்?"

அவரை என்ன சொல்ல? அவர் சொன்னதும் நியாயம்தான் என்பது கஸ்தூரிக்குப் புரிந்தது. அது புரிந்ததும் பயம் இன்னும் அதிகமானது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. அவள் துளசிங்கத்தின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. 

"நீ எழுதித் தராம நான் இங்கருந்து ஏந்திருக்க மாட்டேன் சார். என்னை மிதிச்சிட்டு ஊசி போடு."

அவளைத் தாண்டித் தாண்டித்தான் நாலு பேருக்கு ஊசி போட்டான். ஐந்தாவது ஆளை உட்காரச் சொல்லிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவள் எதிரில் குந்தினான். குரல் இறங்கியிருந்தது.

"தோ பாரு. மருந்துப் பேரு, அளவு, தேதி, முள்ளுக் காயம், எல்லாம் நானே எழுதறேன். ஆனா போட்டது நான்னு எழுத மாட்டேன்."

"பின்ன?"

"நீ போட்டேன்னு எழுதறேன்."

"நானா?"

"மருந்துக்கடையில வாங்கி, வலி தாங்காத பொண்ணுக்குப் பெத்தவ போட்டா. இங்க எத்தினி பேரு வூட்ல போட்டுக்கறாங்க. போட்டவங்க கையெழுத்துதானே கேக்குறாங்க? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னும் சேத்து எழுதறேன்."

"என்னைப் புடிச்சிக்குவாங்களா சார்?"

"உன்ன இன்னா பண்ணிடுவாங்க? நாலு வருசம் எறா புடிக்கக் கூடாதுன்னு தடை போடுவாங்களா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கஸ்தூரி ஜமுனாவுக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தது, ஆட்டத்துக்கு முன்னால் அப்படித்தான் வைப்பார்கள். மேடத்துக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜமுனா என்ன எழுதிக்கொடுத்தாள்? வலி ஊசி என்றுதானே? யார் போட்டது என்று எழுதினாளா? எழுதியிருந்தால் இது பொய்யென்று தெரிந்துவிடுமே. பொய் என்று தெரிந்தால் நாலு வருஷம் எட்டாகிவிடுமோ? எழுதாவிட்டால்? கேட்டுச் சொல்ல ஆளில்லை. கடிகாரத்தில் ஒன்றரை.

"எழுது சார்," என்றாள்.

துளசிங்கத்தின் கையெழுத்து அழகான கையெழுத்து. கோடு போட்ட தாளில் நிறுத்தி நிறுத்தி எழுதி, வாசித்தும் காட்டினான். 'காலஞ்சென்ற சடையன் மனைவி கஸ்தூரி ஆகிய நான், என் மகளின் கையில் கெளுத்தி மீன் முள் குத்திய காயத்திற்காக, மேற்படி மருந்தை என் கையால் ஊசி மூலம் செலுத்தினேன். இதில் என் மகளுக்கு எந்த விவரமும் தெரியாது.' வாழ்க்கையில் ஊசியைத் தொட்டுக்கூடப் பார்க்காத அவள், ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள்.

"கையெழுத்துப் போடுவியா?"

"கைநாட்டுதான் சார்."

இடது கட்டைவிரலை நீல மைப்பெட்டியில் ஒற்றித் தாளில் வைத்தாள். லட்சுமி கஸ்தூரியின் போனில் படம் பிடித்து மேடத்துக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பிறகு மேடத்தின் குரல் பதிவாக வந்தது; பின்னால் கைதட்டலும், யாரோ எண்ணிக்கை சொல்வதும் கேட்டன.

"கஸ்தூரிம்மா, நீங்களா போட்டீங்க? சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப இதுல ரேகையே விழல. வெறும் மைதான் இருக்கு. இது யாரோட கைன்னு நான் எப்படிக் காட்டுறது? துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க. சீக்கிரம்."

துளசிங்கம் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவள் விரலைத் தேய்த்தான். மறுபடி ஒற்றினாள். வைத்தாள். தாளில் வழவழவென்று ஒரு நீல வட்டம்.

"அழுத்தாதம்மா, சும்மா வை."

சும்மா வைத்தாள். அதே வட்டம். வலது கட்டைவிரலை வைக்கச் சொன்னான். அதிலும் ஒரு கோடு விழவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பி, அவள் விரல் நுனியைத் தன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். முப்பது வருஷம் உப்புத் தண்ணீரும் சேறும் இறால் கொம்பும் தேய்த்த விரல், சோப்புத் துண்டு மாதிரி பளபளத்தது.

"எங்கம்மா உன் ரேகை?"

கஸ்தூரி மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலை ஒற்றி வைத்தாள், பார்த்தாள். நடுவிரலை வைத்தாள், பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். 'என் கையால்' என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே நீல வட்டங்கள் வரிசையாகக் கூடிக்கொண்டே போயின. எதிலும் ஒரு கோடு இல்லை. கஸ்தூரி சுண்டுவிரலை நாக்கில் நனைத்து, சேலையில் துடைத்து, மையில் ஒற்றினாள்.