பறந்து உதைத்தவளுக்கு ஒரு குலவை

“குலவை போட்டியா, போடலையா? அதை மட்டும் சொல்லுட்டி!”

“போட்டேன். ஆனா அது அந்தக் குலவை இல்லண்ணே!”

“குலவையில என்னட்டி அந்தக் குலவை, இந்தக் குலவை?”

ராதாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த சுடலையாண்டி, தங்கை ஆறுமுகத்தாயின் வாசலில் நின்று போட்ட சத்தம் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெரு முழுவதற்கும் கேட்டது. எனக்குக் கொஞ்சம் நன்றாகவே கேட்டது. அவர்கள் வாசலை ஒட்டிய அடிபம்பில் நான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். குடம் நிறைந்து வழிய ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

விவகாரம் இதுதான். ஆறுமுகத்தாய்க்கு ஒரே மகள் இசக்கிச்செல்வி. தகப்பன் இல்லாத பெண். அப்பளக் கம்பெனியில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை, அம்பாசமுத்திரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற செந்தில்முருகன் தாய் தகப்பனோடு அவளைப் பார்க்க வந்தான். இப்போதைக்குப் பார்த்துவிட்டுப் போகட்டும், தாய்மாமன் சுடலையாண்டி சரி என்ற பிறகு தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. மாமனை விட்டுவிட்டு நிச்சயம் செய்தால் அவர் கல்யாணத்துக்கு வர மாட்டார். மாமன் வராத கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டிலும் யோசிப்பார்கள். இசக்கிச்செல்விக்கோ பையனை ரொம்பவே பிடித்துவிட்டது. திங்கட்கிழமை அப்பளம் இடும்போது பாட்டெல்லாம் பாடினாளாம். கூட வேலை செய்கிறவர்களை நானே விசாரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் குலவை கேட்டது. கோயில் கொடை விழாவுக்கெல்லாம் ஆள் அனுப்பிக் கூட்டிப்போகிற குலவை ஆறுமுகத்தாயுடையது. மூன்று தடவை, மூச்சு விடாமல். பெண் பார்க்க வந்த இடத்தில் குலவை கேட்டால் நிச்சயம் ஆகிவிட்டது என்று நினைப்பது தப்பா? அதையும் நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன், ஊர் ஊராகச் சேலை விற்கப் போகும் பீர் முகம்மதுவிடம். மறுநாள் அவர் ராதாபுரம் போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“சேலைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நான் செத்தா போயிட்டேன்?” என்றார் சுடலையாண்டி.

“ஐயோ, நிச்சயமே ஆகலைண்ணே! டிவி பொட்டியில சண்டை நடந்துச்சு. நம்ம செல்வி ஜெயிச்சா. என்னை அறியாம வாய் போட்டுட்டு!”

“பொம்மைச் சண்டைக்குக் குலவை போட்டியாக்கும்? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?”

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு மந்திரமூர்த்தி வெளியே வந்தான். மஸ்கட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவன். வரும்போது டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். சோபா இருக்கிற வீடு என்பதால் பெண் பார்த்தது அவன் வீட்டில்தான். பெரியவர்கள் பின்கட்டில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்க, சும்மா உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை மந்திரமூர்த்தி ஆட்டத்துக்கு இழுத்தான். காப்பி கொண்டுவந்த இசக்கிச்செல்வியையும் விளையாட்டுக்குக் கூப்பிட்டான். அவளும் தம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நெசந்தான் மாமா. வேணும்னா நீங்களே வந்து பாருங்க.”

“பாக்கத்தான் போறேன். அந்தப் பையனையும் கூட்டிட்டு வா. அவன் வாயால சொல்லட்டும்.”

மந்திரமூர்த்தி ஸ்கூட்டரில் போய்ப் பட்டறையில் நின்றவனை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்தான். பையன் கையில் கிரீஸ், முகத்தில் ரத்தமே இல்லை. அவன் சொன்னதும் அதே கதைதான். மூன்று பேரும் சொல்லி வைத்துப் பேசுகிறார்கள் என்று சுடலையாண்டிக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“எதுக்கு வாய்ப்பேச்சு? ஆடிக் காட்டுங்க” என்றேன் நான். எல்லாரும் மந்திரமூர்த்தி வீட்டுக்குள் போனபோது நானும் குடத்தோடு வந்திருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் அடித்து விழத்தட்ட வேண்டும், அவ்வளவுதான். மந்திரமூர்த்தி, அதோடு வந்த புத்தகத்தைப் படித்து, எந்தப் பட்டனோடு எந்தப் பட்டன் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தான். எங்கள் தெருவில் எல்லாரிடமும் தோற்றவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் கைக்கு வந்ததை அமுக்குவார்கள். எதை அமுக்கினாலும் உள்ளங்கையிலிருந்து நெருப்பு கிளம்பும், ஆகாயத்தில் மின்னல் வெட்டும், எதிராளி கூரை உயரத்துக்குப் பறந்துபோய் விழுவான். வேறு எந்த வேலையில் ஒரு விரல் அசைத்ததற்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிறது? நானே நாலு தடவை ஆடியிருக்கிறேன். சும்மா பார்க்கத்தான் போனேன்.

தானே ஆடிப் பார்ப்பதாகச் சொல்லி, சுடலையாண்டி சோபாவின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்தார். எதிராளியாகச் செந்தில்முருகன். “எந்தப் பட்டனை அமுக்கணும்?”

“எதையும் அமுக்கலாம் மாமா.”

இரண்டு கட்டைவிரலாலும் ஒருசேர அமுக்கினார். அவருடைய மொட்டைத் தலை வீரன் அந்தரத்தில் சுழன்று, இடியோடு இறங்கி, செந்தில்முருகனின் ஆளை மிதித்தான். டிவி முழுக்க வெள்ளையடித்தது போல் ஒரு வெளிச்சம்.

“ஏலே! நானா அடிச்சேன்?”

“நீங்கதான் மாமா.”

மீசைக்குக் கீழே பல் தெரிந்தது. இரண்டே நிமிஷத்தில் ஜெயித்தார். தங்கை பக்கம் திரும்பவே இல்லை. “இன்னொண்ணு” என்றார். அதிலும் ஜெயித்தார். மூன்றாவதில் பாதியில் கையை நிறுத்திவிட்டு, செந்தில்முருகனின் விரல்களை உற்றுப் பார்த்தார். விரல்கள் பட்டன் மேல் சும்மா இருந்தன.

“லே, விட்டுக்குடுக்கியா?”

பையன் அவசரமாக ஒரு பட்டனை அமுக்கினான்.

“என்னை ஏமாத்தத்தான் எல்லாரும் கூடியிருக்கிய! இன்னைக்கு ஆட்டத்துல ஏமாத்துதவன் நாளைக்கு என்ன செய்ய மாட்டான்? இந்தச் சம்பந்தமே வேண்டாம். ஏட்டி, நான் பொறப்படுதேன்!”

ஆறுமுகத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். செந்தில்முருகன் எழுந்து நின்றான், கிரீஸ் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். அந்த மகராசன் மரியாதை காட்டியே காரியத்தைக் கெடுத்துவிட்டான்.

அப்போது இசக்கிச்செல்வி வந்து அவன் இடத்தில் உட்கார்ந்தாள்.

“மாமா, என்கூட ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க. நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.”

“ஏட்டி, போ! பொம்பளப் பிள்ளைகூட என்ன ஆட்டம்.”

“பயமா இருந்தா வேண்டாம்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். இசக்கிச்செல்வி சிவப்புப் பாவாடைக்காரி ஒருத்தியை எடுத்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் அப்பளம் இடுகிற விரல்கள். பட்டன்மேல் அவை ஓடிய வேகத்தில் எது எப்போது அமுங்கியது என்று எனக்கே தெரியவில்லை. மொட்டையனும் விடவில்லை. நெருப்பு, மின்னல், இடி. சுடலையாண்டி சோபாவை விட்டு எழுந்து நின்றே அமுக்கினார். “அங்கன போவாதட்டி! நில்லு! நில்லுங்கேன்லா!” என்று வேர்த்து வழிந்தார். இரண்டு பேருக்கும் ஒரு நூல் உயிர் பாக்கி. பாவாடைக்காரி பின்னால் குனிந்து, சுவரில் கால் வைத்து எம்பி, பறந்து வந்து ஓர் உதை விட்டாள். மொட்டையன் மூன்று தடவை உருண்டு மல்லாந்தான்.

அந்த நேரம் பார்த்து எழுந்தது, ஆறுமுகத்தாயின் குலவை. மூச்சு விடாமல், மூன்று தடவை. மூன்றாவது முடியும்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

சுடலையாண்டி தங்கையைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி தங்கையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“நெசமாவே இதுக்குத்தான் போட்டிருக்கா! சொந்த அண்ணன் மல்லாந்து கிடக்கான், அதுக்குக் குலவை போடுதா பாருங்க!”

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பையனோட அம்மா அப்பாவை வரச் சொல்லு. வெத்தலை பாக்கு வாங்கிட்டு வா. இப்ப மாமன் இருக்கேன்லா? போட்ட குலவை வீணாப் போகாண்டாம்” என்றார். செந்தில்முருகனைப் பைய பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். “அவுக வர்ற வரைக்கும் ஆடு. விட்டுக்குடுத்தே, தோலை உரிச்சிருவேன்.”

சாயங்காலம் தட்டு மாற்றினார்கள். அதற்குள் பையன் மாமனை ஏழு தடவை விழத்தட்டியிருந்தான். மாமன் ஒவ்வொரு தடவையும் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷமே இரண்டு பேரும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். அங்கே பெரிய பட்டறையாம், இரண்டு பெண் குழந்தைகளாம். ஆறுமுகத்தாயும் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு போய்விட்டாள். சுடலையாண்டி மட்டும் மருமகள் இல்லாத ஊருக்கு வாராவாரம் பஸ் ஏறி வந்தார், மந்திரமூர்த்தியோடு ஆட. ஆடி ஆடிப் பழகி, கடைசியில் தன் இரண்டாவது மகளையே அவனுக்குக் கட்டிக் கொடுத்தார். பெண்ணுக்கு அவனைவிட இரண்டு வயது கூடுதல் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு பேரும் இப்போது மஸ்கட்டில் இருப்பதால் அதைச் சரியாக விசாரிக்க முடியவில்லை.