கையில் மாட்டிய பெயர்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கதை இல்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சித்தி" என்று ருதைனா சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னது. ஜோர்டானின் அம்மான் நகரத்தில், பார்வைக் குறையோடு வேறு குறைகளும் உள்ள பிள்ளைகளின் பள்ளியில் நான் சமையல்காரி. அவள் அங்கே டீச்சர் ஆகப் பயிற்சிக்கு வந்தவள்.

எப்படி எழுத ஆரம்பிப்பது? 'ருதைனா தங்கமான பெண்...' (வேண்டாம், நம்பமாட்டீர்கள்.)

'ருதைனாவுக்குப் பொறாமை.' சரி, இதுவே இருக்கட்டும்.

2.

பொறாமை அரீஜ் மேல். இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். ருதைனா பாடத்தைக் கரைத்துக் குடித்தவள், அரீஜ் அரைகுறை. ஆனால் கண்ணும் காதும் இல்லாத ஆறு வயது ஜூரி, அரீஜிடம்தான் சிரிப்பாள்.

அங்கே டீச்சர்கள் ஆளுக்கொரு அடையாளத்தைக் கையில் மாட்டியிருப்பார்கள். பிள்ளையின் கையை எடுத்து அதில் வைத்தால்தான் வந்தது யாரென்று அதற்குத் தெரியும். அரீஜுக்கு முடிச்சுப் போட்ட தோல் வளையல். ருதைனாவுக்குப் பாசிமணி. மணி பட்டாலே ஜூரி கையை உதறுவாள்.

"உன் மணி அவளுக்குக் கசாயம்டீ, தொட்டதுமே மூஞ்சியச் சுளிக்கிறா!" என்றாள் அரீஜ்.

"நீ இனிப்பு குடுத்து மயக்கி வச்சிருக்கே."

"இனிப்பா? அவளாவே கை நீட்டுற வரைக்கும் உக்காந்திருப்பேன். நீ பிடிச்சு இழுக்குற."

(அரீஜ் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ருதைனாவுக்குச் சுருக்கென்றது.)

3.

அரீஜ் காய்ச்சலில் படுத்த வாரம், ருதைனா அதே மாதிரி ஒரு வளையலைக் கடையில் தேடிப் பிடித்து... (மூன்று தடவை அழித்துப் பார்த்தேன். மாட்டிக்கொண்டுதான் போனாள், நான் என்ன செய்ய?)

ஜூரி வளையலைத் தொட்டாள். கொள்ளைச் சிரிப்பு. மடியில் ஏறிக் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். பிறகு முகர்ந்தாள். விரல்கள் ருதைனாவின் நகம், முழங்கை, காது என்று தேடின. சிரிப்பு அணைந்தது. அழவில்லை. இரண்டு கையையும் மடக்கி வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

அரீஜ் திரும்பி வந்து வளையலை நீட்டினாள். ஜூரி தொடவில்லை. யாருடையதையும் தொடவில்லை. ஸ்பூனைக்கூட.

"என்னடீ ஆச்சு? நீதானே பாத்துக்கிட்டே?"

"தெரியலையே" என்றாள் ருதைனா.

4.

முடிவு ஒன்று: ருதைனா உண்மையைச் சொல்கிறாள், அரீஜ் அவளை... (அறைந்தாள் என்று எழுதினேன். கட்டிக்கொண்டாள் என்றும் எழுதினேன். இரண்டும் பொய்யாக இருந்தது.)

முடிவு இரண்டு: ருதைனா பாசிமணியோடு தினமும் ஜூரி பக்கத்தில் தரையில் சும்மா உட்காருகிறாள். ஒரு நாள் ஜூரி... (என் கதை முடியவேண்டும் என்பதற்காகக் குழந்தை கை நீட்டணுமா?)

நடந்தது இவ்வளவுதான். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அரீஜ் விலகல் கடிதம் எழுதிவிட்டாள்.

"சொன்னா என்னைத் துரத்திடுவாங்க சித்தி."

"சொல்லாட்டி அவ போயிடுவா. நீ ஆசைப்பட்டது அதுதானே?"

ஒரு நொடி ருதைனா முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்துபோனது. அதைப் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

இப்போது வகுப்பறைக்குள் அரீஜ் பையைக் கட்டுகிறாள். ஜூரி மூலையில் கையை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். ருதைனா வாசற்படியில் நிற்கிறாள். நான் போய்ச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அரீஜ் தங்குவாள். ஆனால் ருதைனா டீச்சராக முடியுமா?

அவளை வாசற்படியிலேயே விட்டு, பேனாவை வைத்துவிட்டு எழுந்துகொள்கிறேன். உள்ளே அனுப்புவதோ திருப்புவதோ உங்கள் பாடு. பை கட்டி முடியப்போகிறது.